ஆறு புள்ளி வைத்த காயில்

வண்டி வாசலில் திரும்பும்போதே காதுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு அடியில் வேறொரு வண்டியின் சைலன்சரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன், தலையைக்கூடத் திருப்பாமல் சத்தமாகச் சொன்னான்:

“எட்டுல ஒண்ணு வேலைக்கு வரல.”

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவன் பெயரே காதுதான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

ஒர்க்‌ஷாப் இரண்டு உலகமாக இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, ஏசி, காபி மெஷின், மெத்தை நாற்காலிகள், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைகள். பின்பக்கம் ஆயில், இரைச்சல், வியர்வை. இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. வாடிக்கையாளர்கள் அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மெக்கானிக்குகள் தாண்டி வெளியே போகக் கூடாது. பாதுகாப்புக்காக என்று பலகையில் எழுதியிருந்தது. யாருடைய பாதுகாப்பு என்று எழுதவில்லை.

வந்தது பெரிய எஸ்.யூ.வி. எட்டு சிலிண்டர் வண்டி. நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். பின்கதவைத் திறந்து, ஒல்லியான ஒரு மனிதரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன, முகமும் உப்பியிருந்தது. வாய் மட்டும் வாடவில்லை.

“எனக்கு ரெண்டு கிட்னியும் போயி நாலு வருஷமா ஓடிட்டிருக்கேன். எட்டுல ஒண்ணு போனதுக்கு உன் வண்டிக்கு இந்த அலட்டலா, கேப்டன்?”

“நீங்க முதல்ல உள்ள போயி உக்காருங்க, மாமா. ரெண்டு மணிக்கு மெஷின்.”

அவர் தையல்காரர். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த இரண்டு நாளைக்கு உயிரோடு இருக்க முடியும். அவரைப்போல ஆறு பேரை ஏற்றி இறக்குவதுதான் அவள் தொழில். பழைய வண்டியாக வாங்கி, பின்னால் சக்கர நாற்காலி வைக்க இடம் செய்து, இரண்டு வருடமாக ஓட்டுகிறாள். ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்பதால் ஆறு பேரும் வைத்த பட்டம் ‘கேப்டன்’. அன்று தையல்காரரின் முறை இரண்டு மணிக்கு. தவறினால் மெஷின் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த முறை இரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை உடம்பில் சேரும் நீரையெல்லாம் அவர் நுரையீரல்தான் தாங்க வேண்டும்.

மணி பத்தரை. வண்டி காதின் கைக்கு வந்தது.

எஞ்சின் பழுதைக் காட்டும் ஸ்கேனரைப் போட்டான். ஆறாவது சிலிண்டரைக் காட்டியது. ஸ்கேனர் சொன்னதை நம்பிப் பொருளை மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, பொருள் விற்கிறவன் என்பது காதின் கட்சி. ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு காயில் இருக்கும். பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுப்பது அதுதான். ஆறாவது காயிலைக் கழற்றி இரண்டாவது இடத்தில் செருகினான். இரண்டாவதை ஆறில் மாட்டினான். வண்டியை ஓடவிட்டுக் கேட்டான். ஸ்கேனரும் ஒத்துக்கொண்டது. இப்போது இரண்டாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை. நோய் காயிலோடு இடம் மாறியிருந்தது. ஒரே ஒரு காயில்தான் பழுது. மற்ற ஏழையும் தனித்தனியாகச் சோதித்தான். ஏழும் கல்லுப்போல இருந்தன.

அப்போதுதான் புள்ளிகளைக் கவனித்தான். ஒவ்வொரு காயிலின் கழுத்திலும் ஊதா நிற நகப் பாலிஷில் புள்ளிகள். முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, பழுதான ஆறாவதில் ஆறு. அழுத்தி, வரிசையாக, பொறுமையாக வைத்த புள்ளிகள். கழற்றினால் இடம் மாறக் கூடாதென்று யாரோ வைத்திருக்கிறார்கள். காதுக்குச் சிரிப்பு வந்தது. வேலை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியை லிஃப்டில் தூக்கி அடியையும் பார்த்தான். பின் டயர் இரண்டும் மொட்டை. ஒன்றில் உள்கம்பி எட்டிப் பார்த்தது. ஜாப் கார்டில் எழுதினான்: ‘ஆறாவது காயில் ஒன்று. பின் டயர் இரண்டும் ஆபத்து, உடனே மாற்ற வேண்டும்.’

வெள்ளைச் சட்டை வந்து கார்டை வாங்கிப் பார்த்தான். வாடிக்கையாளரிடம் பேசி எஸ்டிமேட் போடுகிற அட்வைசர் அவன். காதைவிடப் பதினைந்து வயது இளையவன், சம்பளம் இரண்டு மடங்கு.

“என்னண்ணே, ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க?”

“ஒண்ணுதான் போயிருக்கு.”

“எட்டும் ஒரே வயசுண்ணே. இன்னிக்கு இது, நாளைக்கு அது. செட்டா போட்டுட்டா அவங்களுக்கும் நிம்மதி.”

“மத்த ஏழும் நல்லா இருக்கு. நான் பாத்துட்டேன்.”

“நீங்க எஞ்சினப் பாத்தீங்க. நான் போர்டப் பாத்தேன்.” சுவரில் தொங்கிய இந்த மாத இலக்குப் பலகையைக் கண்ணால் காட்டினான். “அப்புறம் இதென்ன டயரு கியருன்னு?”

“கம்பி தெரியுதுய்யா. ஒரு தூறல் போட்டாப் போதும், வண்டி சறுக்கிட்டுப் போயிடும். அதைச் சொல்லு முதல்ல.”

“நம்ம டயர் விக்கறோமா? அதைச் சொன்னா கையில இருக்கற காசைத் தூக்கிட்டு நேரா டயர்க் கடைக்குப் போயிடுவாங்க. நல்லாருக்கே கதை.”

கார்டை நான்காகக் கிழித்தான். புதுக் கார்டில் ‘காயில் எட்டு’ என்று அவனே எழுதினான். டயரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ‘சோதித்தவர்’ என்ற இடத்தைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டி நீட்டினான்.

காது கையெழுத்துப் போட்டான்.

அவனுக்காக இங்கே பரிந்து பேச ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் படுத்த படுக்கையாக இல்லை. கழுத்தை நெரிக்கும் கடனும் இல்லை. ஒருமுறை மாட்டேன் என்று சொன்னதற்கு மூன்று மாதம் வண்டி கழுவும் இடத்தில் நிற்க வைத்தார்கள். அதிலிருந்து வாயைத் திறப்பது தொந்தரவு என்று ஆகிவிட்டது. இப்படி விற்பதில் கிடைக்கும் கமிஷனில் அவனுக்கு ஒரு காசும் வருவதில்லை. நமக்கு ஏன் வம்பு என்ற மூன்று சொல்லுக்காகத்தான் கையெழுத்து. நாட்டில் பாதி அநியாயம் இந்த மூன்று சொல்லில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை கேப்டனிடம் எஸ்டிமேட்டை நீட்டுவது தெரிந்தது. கதவு லேசாகத் திறந்திருந்தது. காதுக்கு எல்லாமே கேட்டது. அதுதான் அவன் சாபம்.

“எட்டுமா?” என்றாள். “ஒண்ணுதான் போயிருக்குன்னு அவரு சத்தமாச் சொன்னாரே?”

“அது வந்தப்ப சொன்னது மேடம். டெஸ்ட் பண்ணினதுல எல்லாமே வீக்கு. செட்டாத்தான் மாத்தணும். இது சேஃப்டி விஷயம்.”

தையல்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி பேசினார். “தம்பி, எனக்கு ரெண்டு கிட்னியும் ஒரே நாள்ல போகல. முதல்ல ஒண்ணுதான் போச்சு. அதுவும் இதுவும் ஒரே வயசு, செட்டா கழட்டிடலாம், பின்னாடி தொந்தரவு இருக்காதுன்னு எந்த டாக்டரும் சொல்லல. மிச்சம் இருந்ததை வெச்சு ஆறு வருஷம் தைச்சேன்.”

காத்திருந்தவர்களில் மடிக்கணினி வைத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். வெள்ளைச் சட்டை சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, உங்களை நினைச்சுத்தான் சொல்றேன். நடு ரோட்டுல வண்டி நின்னுடுச்சுன்னு வைங்க. உங்க மெஷின் உங்களுக்காகக் காத்துட்டிருக்குமா?”

தையல்காரரின் கண் கடிகாரத்துக்குப் போனது. நோயாளியின் பயத்தை எடுத்து அவர் மேலேயே வீசத் தெரிந்தவனுக்கு வேறு ஆயுதம் எதற்கு?

கேப்டன் எஸ்டிமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டயருக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “சரி. டயரு அடுத்த மாசம் பாத்துக்கலாம். போடுங்க.”

பத்தடி தூரத்தில் காது இதைக் கேட்டான். கேட்டுவிட்டு ஸ்டோருக்குப் போனான்.

அங்கே நடக்கும் சடங்கு இதுதான். ஸ்டோரிலிருந்து எட்டுப் பெட்டி வரும். ஒன்றை மட்டும் பிரிப்பார்கள். மற்ற ஏழும் சீல் உடையாமல் மேனேஜர் மேசைக்கு அடியில் போய் உட்காரும். அங்கிருந்து எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. வண்டியின் பழைய ஏழையும் பெட்ரோலில் துடைத்துப் பளபளவென்று திரும்ப மாட்டிவிடுவார்கள். ‘மாற்றிய பழைய பொருட்கள்’ என்று சீட்டு ஒட்டிய பையில், கழிவுத் தொட்டியில் கிடக்கும் செத்த காயில்களில் எட்டைப் பொறுக்கிப் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுப்பார்கள். ஒர்க்‌ஷாப்பின் நேர்மைக்கு அதுதான் அத்தாட்சி. பழைய பொருளைத் தேடி வந்து கையில் கொடுக்கிறார்களே என்று பூரித்துப்போய் நன்றி சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

காது ஏழையும் துடைத்தான். பெட்ரோலுக்கு நகப் பாலிஷ் அசையவில்லை. பிளேடு எடுத்தால் ஒரு நிமிட வேலை. பிளேடு மேல்பையிலேயே இருந்தது. அவன் எடுக்கவில்லை. அதற்குப் பெயர் நேர்மை இல்லை; அவ்வளவு அழகாக வைத்த வரிசையைச் சுரண்டக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஏழையும் அதனதன் இடத்திலேயே மாட்டினான். ஆறாவதில் மட்டும் புதியது. பிறகு தொட்டியிலிருந்து ஏழு செத்த காயில்களைப் பொறுக்கிப் பையில் போட்டான். எட்டாவதாக, கழற்றிய ஆறு புள்ளிக் காயிலையே போட்டான். கழற்றிய பொருள் உரியவரின் பைக்குத்தான் போக வேண்டும் என்று இருபத்திரண்டு வருடம் பழகிய கை. திருட்டு வேலையிலும் அது ஒழுங்காகவே வேலை செய்தது.

பன்னிரண்டரைக்கு கேப்டன் பணத்தைக் கட்டினாள். வெள்ளைச் சட்டை சாவியையும் பையையும் கொடுத்தான். அவள் பையை அங்கேயே மேசைமேல் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எட்டில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

“இது என்னோடது. ஆறு புள்ளி இருக்கு. மீதி ஏழும் யார் வீட்டுப் பிள்ளைங்க?”

வெள்ளைச் சட்டைக்குப் புரியவில்லை. “புரியல மேடம்.”

“போன வருஷம் ரோட்டோரத்துல ஒருத்தர் எல்லாத்தையும் கழட்டி இடம் மாத்தி மாட்டிட்டாரு. எது புதுசு, எது பழசுன்னே தெரியாமப் போச்சு. அதுலேர்ந்து எட்டுலயும் நானே புள்ளி வெச்சிருக்கேன். இந்த ஏழுலயும் புள்ளி எங்க?”

“எஞ்சின் சூட்டுல அழிஞ்சிருக்கும்.”

“ஆறுல மட்டும் எஞ்சின் ஏசி போட்டுச்சாக்கும்?” என்றார் தையல்காரர்.

“சரி, பானட்டைத் திறங்க. புதுசு எட்டையும் காட்டுங்க,” என்றாள் கேப்டன்.

“நாங்க சீல் பண்ணிட்டோம் மேடம். இப்பத் திறந்தா வாரண்டி போயிடும்.”

குரல்கள் உயர்ந்தன. மேனேஜர் தன் அறையிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. “சின்னத் தப்பு நடந்திருக்கும்மா. நம்ம டெக்னீஷியன் பையை மாத்திக் கட்டிட்டாரு. புதுசு எட்டும் வண்டியிலதான் இருக்கு. இதோ, அவரே சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க.” மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்றவனைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். “காது, இங்க வாய்யா. பை மாறிப்போச்சு, அவ்வளவுதானே? சொல்லு.”

காது கோட்டருகே வந்து நின்றான். ‘ஆமா சார்’ என்று இரண்டு சொல் போதும். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவனும் சைலன்சருக்குப் போய்விடலாம்.

கேப்டன் ஜாப் கார்டைத் தூக்கிப் பிடித்தாள். “இது உங்க கையெழுத்தா?”

“என்னோடதுதான்.”

“அப்ப நீங்க சொன்னா நான் நம்பறேன். எட்டும் மாத்தினீங்களா?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வீங்கிய காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த தையல்காரரைப் பார்த்தான். மெஷினுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய அந்த மனிதர், உள்கம்பி தெரியும் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு போகப்போகிறார். சேஃப்டி என்ற பெயரில் டயர்க் காசைப் பிடுங்கிக்கொண்டு அவரை அனுப்பப்போகிறார்கள். சோதித்தவர் என்று அதன் கீழே இருப்பது தன் பெயர்.

“இல்ல,” என்றான். “பானட்டைத் திறக்கறேன். எல்லாரும் வந்து பாருங்க.”

“கோட்டைத் தாண்டலாமா?” என்றார் மடிக்கணினிக்காரர்.

“தாண்டுங்க சார்.”

மேனேஜர் “யோவ்” என்று கத்தியது பின்னால் கேட்டது. காது ஒவ்வொரு காயிலாகப் பிடுங்கி, விரித்த துணிமேல் வரிசையாக வைத்தான். ஒரு புள்ளி. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. அப்புறம் புள்ளியே இல்லாத புதியது ஒன்று. அப்புறம் ஏழு புள்ளி, எட்டு புள்ளி. விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

“ஒண்ணுதான் மாத்தினேன். ஒண்ணுதான் போயிருந்துச்சு. மீதி ஏழு பெட்டியும் மேனேஜர் மேசைக்கு அடியில இருக்கு. சீல்கூட உடைக்கல.”

“போன மாசம் எனக்கும் செட்டாத்தான் மாத்தணும்னு சொன்னீங்களே?” மடிக்கணினிக்காரரின் குரல் மாறியிருந்தது.

“உங்களுக்கும் ஒண்ணுதான் சார்.”

“அதுலயும் உங்க கையெழுத்து இருந்துச்சு.”

“ஆமா சார்.”

அதற்குப் பிறகு முன்பக்கத்து ஏசி யாருக்கும் போதவில்லை. காத்திருந்த ஐந்து பேரும் பழைய பில்லைத் தேடி ஃபோனைத் தடவ ஆரம்பித்தார்கள். மேனேஜர் ஏழு காயிலின் பணத்தையும் எண்ணாமல் கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தார். குற்ற உணர்ச்சியால் இல்லை. எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காதிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “நாளையிலேர்ந்து வர வேணாம்.”

காது காயில்களைத் திரும்ப மாட்டினான். வண்டியை ஓடவிட்டுக் கேட்டான். எட்டும் வேலைக்கு வந்திருந்தன. பானட்டை மூடிவிட்டு, “பின் டயர் ரெண்டும் மொட்டை,” என்றான். “அடுத்த தெருமுனையில கடை இருக்கு. அரை மணி நேரத்துல மாட்டிடுவாங்க. மாட்டிட்டே போங்க. கார்டுலகூட எழுதியிருந்தேன். கிழிச்சுட்டாங்க.”

அவள் நன்றி சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை.

“டயர் மேட்டர் உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பதினோரு மணிக்கு.”

“நான் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன். பத்தடி இருக்குமா? பத்தடி நடந்து வந்து சொல்ல உங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு. அதுவும் நான் பிடிச்சதால.”

காயில்களை வைத்திருந்த துணியை அவன் மடித்தான்.

“எனக்குப் புள்ளி வெக்கத் தெரிஞ்சுது, தப்பிச்சேன். தெரியாதவங்க உங்க கையெழுத்தை நம்பித்தானே பணம் கட்டறாங்க? பில்லுப் போடறவன் பொய் சொல்வான்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொய்யை நிஜமாக்கறது நீங்க போடற கையெழுத்துதான். அதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது?”

“ஒண்ணும் கிடைக்கல.”

“அப்ப கையெழுத்தை விக்கக்கூட இல்ல. சும்மாவே தூக்கிக் குடுத்திருக்கீங்க.”

தையல்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “கேப்டன், விட்டுட்டு வா. ஒண்ணு இருபது ஆச்சு. டயர்க் கடையில ஒருத்தன் ஸ்டெப்னியும் சேத்து செட்டா மாத்தணும்னு சொல்லுவான், அவன்கிட்டயும் சண்டை போடணும்ல?”

வண்டி கிளம்பியது. காது தன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக முன்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வந்தான். வாசலில் மடிக்கணினிக்காரர் போன மாதத்துப் பில்லை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இதுல நிஜமா என்னென்ன மாத்தினீங்கன்னு எழுதித் தர முடியுமா?”

காது பெட்டியைக் கீழே வைத்தான். பேனா வாங்கினான். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தான். மாற்றாததையெல்லாம் அடித்தான். மாற்றிய ஒன்றே ஒன்றுக்கு வட்டம் போட்டான். கடைசியாக, படித்துப் பார்த்த பிறகு, கீழே கையெழுத்துப் போட்டான்.